கர்ப்ப காலத்தில் ஒரு பல் எக்ஸ்ரே: எடுத்த படங்களும் எடுக்காமல் விட்டவையும்

இந்த நிகழ்வில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்ல. கர்ப்ப காலத்தில் பல்வலியோடு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் நிலைகளைச் சேர்த்து, ஒருவருக்கு நடந்ததுபோல் எழுதியிருக்கிறேன். கதிர்வீச்சு அளவுகளும் அவற்றை வைத்துப் போட்ட கணக்கும் வெளியான அளவீடுகளைச் சார்ந்தவை.

வந்த நிலை

29 வயதுப் பெண். 16 வாரக் கர்ப்பம், முதல் குழந்தை. கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாயில் மூன்று வாரமாக வலி. ஆரம்பத்தில் சூடாக எதையாவது குடித்தால் மட்டும் சுரீரென்று வந்து போனது. பிறகு அந்தப் பக்கம் கடிக்கவே முடியவில்லை. கடைசி இரண்டு இரவும் தூக்கமில்லை. காய்ச்சலோ முக வீக்கமோ கிடையாது, வாயை நன்றாகத் திறக்க முடிந்தது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, வேறு நோயும் இல்லை.

இதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார். கர்ப்பம் என்று தெரிந்ததும் இரண்டு இடத்திலும் எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லி, அமாக்சிசிலினும் பாராசிட்டமாலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஓபிஜி (இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கலாம், தேவைப்பட்டால் சிபிசிடியும் (முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) பார்க்கலாம் என்று இரண்டாவது சீட்டில் ஒரு குறிப்பு இருந்தது.

ஆக, எந்தப் பல் என்றே தெரியாமல் இரண்டு சுற்று ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்கிறது. கர்ப்பிணிக்கு அமாக்சிசிலின் கொடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் பல்லின் உள்ளே இருக்கும் திசு செத்துப்போயிருந்தால் அங்கே ரத்த ஓட்டமே இருக்காது. மாத்திரை அங்கே போய்ச் சேர வழியில்லை. வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் மருந்துக்கு வேலை உண்டு. இல்லாதபோது வலி சில நாள் அடங்கி மறுபடி வரும், காரணம் பல்லுக்குள்ளேயே இருக்கும். எக்ஸ்ரேயைத் தவிர்த்தால் ஆபத்தைத் தவிர்த்துவிட்டோம் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக என்ன ஆபத்தை ஏற்றுக்கொண்டோம் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

எந்தப் பல்?

வலப்பக்கக் கீழ்த்தாடையில் இரண்டு சந்தேகங்கள். முதல் கடைவாய்ப்பல்லில் பல ஆண்டுகளுக்கு முன் வைத்த பெரிய வெள்ளி அடைப்பு, ஓரத்தில் மெல்லிய இடைவெளி. அதற்கு அடுத்த இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு உலோகத்தின் மேல் பீங்கான் போட்ட கேப். கண்ணாடிப் பிடியின் முனையால் தட்டியபோது இரண்டிலும் வலித்தது, முதல் பல்லில் கொஞ்சம் அதிகம். பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் குளிர்ச் சோதனையில் முதல் பல் பதில் சொல்லவில்லை. கேப் போட்ட பல்லும் சொல்லவில்லை. ஆனால் கேப்பின் மேல் குளிர் வைத்தால் வரும் பதிலை நம்ப முடியாது. ஈறுப் பைகளை அளந்து பார்த்ததில் ஆழமான இடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மேடாகக் கடிக்க வைத்துப் பார்த்ததில் விரிசலுக்கான அறிகுறியும் தெளிவாக இல்லை.

இந்த நிலையில் ஊகத்தில் இறங்கினால் என்ன நடக்கும்? நல்ல நிலையில் இருக்கும் கேப்பைத் துளைத்து, உயிருள்ள பல்லின் நரம்பை எடுத்துவிடலாம். அல்லது மூன்றாவது முறையும் மாத்திரை எழுதலாம். இரண்டும் சரியல்ல. வேர் நுனிகளைச் சுற்றிய எலும்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் முடிவு எடுக்கலாம். இரண்டு பல்லின் வேர்களும் ஒரே படத்தில் விழும். பதில் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே செய்யப்போகும் சிகிச்சை அதற்கேற்ப மாறும். பல் மருத்துவத்தில் எக்ஸ்ரே எடுப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் அபூர்வம்.

எக்ஸ்ரே பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டோம்: பழைய படம் ஏதாவது இருக்கிறதா? பதினான்கு மாதங்களுக்கு முன் ஞானப்பல்லுக்காக எடுத்த ஓபிஜியைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். அதில் ஞானப்பற்களின் கிடப்பு தெரிந்தது, தாடையில் கட்டி எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. முதல் கடைவாய்ப்பல்லின் வேர் நுனி அப்போது பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தது. ஓபிஜியில் நுணுக்கம் குறைவு என்பதால் இதை வைத்து இன்றைய முடிவை எடுக்க முடியாது. ஆனால் இன்னொரு ஓபிஜி தேவையில்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. கதிர்வீச்சைக் குறைக்க இருக்கும் வழிகளிலேயே மலிவானது இந்தக் கேள்விதான். பல இடங்களில் இதைத்தான் கேட்பதில்லை.

"குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே, டாக்டர்?"

எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டதும் உடன் வந்திருந்த அவருடைய அம்மாவின் முகம் மாறிவிட்டது. மகள் கேட்டது மேலே உள்ள கேள்வி. "ஒன்றும் ஆகாதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சுலபம். ஆனால் ஏற்கெனவே இரண்டு மருத்துவர்கள் வேண்டாம் என்று சொன்னதை மூன்றாமவர் ஒற்றை வார்த்தையில் மாற்றினால் யார் நம்புவார்கள்? அதனால் அளவோடு பேசினோம்.

வெறுமனே பூமியில் வாழ்வதாலேயே ஒவ்வொருவருக்கும் கதிர்வீச்சு கிடைத்துக்கொண்டிருக்கிறது. மண்ணிலிருந்தும், காற்றில் இருக்கும் ரேடானிலிருந்தும், விண்வெளியிலிருந்தும், நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்திலிருந்தும் வருவது. உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு வகுத்தால் ஏறத்தாழ 6.6 மைக்ரோசீவர்ட் (மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

பல் எக்ஸ்ரேயின் அளவு எடுக்கும் முறையைப் பொறுத்து வெகுவாக மாறும். 2008-ல் வெளியான ஓர் அளவீடு இதை நன்றாகக் காட்டுகிறது. வாய் முழுவதுக்குமான 18 சிறு படங்களை, வேகமான ஏற்பியும் (கதிரைப் பதிவு செய்யும் ஃபிலிம் அல்லது சென்சார்) கதிரைச் செவ்வகமாகக் குறுக்கும் குழாயும் கொண்டு எடுத்தால் மொத்தம் 35 மைக்ரோசீவர்ட். அதே ஏற்பி, வட்டக் குழாய் என்றால் 171. மெதுவான பழைய டி வகை ஃபிலிமும் வட்டக் குழாயும் சேர்ந்தால் 388. ஒரு படத்துக்கு வகுத்தால் முறையே ஏறத்தாழ 2, 9.5, 21.5. அதாவது இயற்கையாகக் கிடைக்கும் அளவில், ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு, ஒன்றரை நாள், மூன்று நாளுக்குச் சற்று மேல். ஒரே வாய், ஒரே எண்ணிக்கைப் படங்கள், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பல் எக்ஸ்ரே பாதுகாப்பானதா என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் கணக்கு இது.

இது தாய்க்கான அளவு. குழந்தை இருக்கும் இடம் வேறு. கதிர் குழாய் கன்னத்தை நோக்கியிருக்கிறது. கருப்பை அதன் பாதையிலேயே இல்லை. தலைக்குள் பட்டுச் சிதறும் கதிர்களில் மிகச் சிறிய பங்குதான் கழுத்து, மார்பு வழியாகக் கீழே வர முடியும். வழியிலேயே பெரும்பகுதி உடலால் உறிஞ்சப்பட்டுவிடும். பல் எக்ஸ்ரேயால் கருவுக்குக் கிடைப்பது 0.01 மில்லிகிரேக்கும் (திசு உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே. ஒன்பது மாதத்தில் இயற்கைக் கதிர்வீச்சால் மட்டும் கருவுக்குக் கிடைப்பது 0.5 முதல் 1 மில்லிகிரே. கருச்சிதைவோ பிறவிக் குறையோ கூடுவதாக 50 மில்லிகிரேக்குக் கீழே காணப்படவில்லை என்பது மகப்பேறு மருத்துவர்களின் அமைப்புகள் ஏற்றுக்கொண்ட அளவு. குழந்தையின் மூளை வளர்ச்சியில் கதிர்வீச்சுக்கு மிகவும் கூருணர்வான காலம் 8 முதல் 15 வாரம். அப்போதும் கவலைக்குரிய அளவுகள் 100 மில்லிகிரேயை ஒட்டியும் அதற்கு மேலும்தான் பேசப்படுகின்றன. மேல்வரம்பான 0.01-ஐயே எடுத்துக்கொண்டாலும் 50-ஐத் தொட 5,000 படங்கள் வேண்டும்.

புற்றுநோய் அபாயம் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களே சொன்னோம். எவ்வளவு சிறிய அளவுக்கும் அதற்கேற்ற சிறிய அபாயம் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் உலகம் முழுவதும் பாதுகாப்பு விதிகள் எழுதப்படுகின்றன. பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2007-ல் கொடுத்த அபாயக் கெழு (அளவை அபாயமாக மாற்றும் எண்) ஒரு சீவர்ட்டுக்கு 5.5 சதவீதம். 2 மைக்ரோசீவர்ட்டை அதில் போட்டால் ஏறத்தாழ 90 லட்சத்தில் 1 வரும். இந்தக் கணக்கை ஒரு தனி மனிதருக்கு ஆரூடம்போல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது விதிகள் வகுப்பதற்கான கருவி. இருந்தாலும் அளவின் வரிசை புரிய உதவும்.

அம்மா இணையத்தில் படித்த ஒன்றையும் கேட்டார்: கர்ப்பத்தில் பல் எக்ஸ்ரே எடுத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்குமாமே? அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது, 2004-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வந்தது. தாயின் தைராய்டுக்கு 0.4 மில்லிகிரேக்கு மேல் கிடைத்தவர்களிடம் எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாக இருந்ததாக அது சொன்னது. கர்ப்ப காலத்தில் இத்தனை படம் எடுக்க வேண்டி வந்தவர்கள் யார் என்று யோசித்தால் அதன் சிக்கல் புரியும். பல்லில் சீழ், ஈறு நோய் என்று அவதிப்பட்டவர்களே அதிகமாகப் படம் எடுத்திருப்பார்கள். எடைக் குறைவுக்குக் காரணம் படமா, படம் எடுக்க வைத்த நோயா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு, அடிக்கடி பைட்விங் படம் (மேல், கீழ்ப் பற்களைச் சேர்த்துக் காட்டும் சிறு எக்ஸ்ரே) எடுத்துக்கொண்டதாகச் சொன்னவர்களுக்கு மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டி கூடுதலாக இருந்ததாகக் கண்டது. அதில் படங்களின் எண்ணிக்கை, நோயாளிகள் நினைவிலிருந்து சொன்னது. மேலும் அவர்களில் பலர் சிறுவயதில் எடுத்துக்கொண்ட படங்களின் அளவு இன்றையதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த ஆய்வுகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. காரணமில்லாமல் படம் எடுக்காதே என்று அவை சொல்வதாக எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கும்போது எடுக்காமல் இரு என்று அவற்றில் எங்கும் இல்லை.

சரி, எடுக்கலாம் என்றார்.

அந்த ஒரு படம்

நோயாளிக்கு எக்ஸ்ரே அறையில் கண்ணில் படுவது ஈய ஏப்ரன். இவரும் அதைத்தான் முதலில் தேடினார். இரண்டு போடுவீர்களா என்றும் கேட்டார். உண்மையில் அவரைக் காத்தது கதிர் குழாயின் வாயில் மாட்டியிருந்த ஒரு சிறு செவ்வகச் சட்டம். அதை அவர் கவனிக்கவே இல்லை.

வழக்கமான வட்டக் குழாயிலிருந்து வரும் கதிர், கன்னத்தின் மேல் 7 செ.மீ. விட்டம் வரை விழலாம். பரப்பு 38 ச.செ.மீ. வாய்க்குள் இருக்கும் பெரியவர்களுக்கான ஃபிலிமின் அளவு 4.1 × 3.1 செ.மீ., ஏறத்தாழ 13 ச.செ.மீ. ஆக, வந்த கதிரில் மூன்றில் இரண்டு பங்கு படத்துக்கு வெளியே போகிறது. நோயாளியின் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கழுத்தையும் தொட்டுவிட்டு, எந்தத் தகவலும் தராமல். 3.5 × 4.5 செ.மீ. செவ்வகத் திறப்பு போட்டால் பரப்பு 16 ச.செ.மீ.க்கும் கீழே வந்துவிடும். ஏறத்தாழ 60 சதவீதம் அங்கேயே குறைந்தது. சிதறும் கதிர் குறைவதால் படமும் தெளிவாகிறது. இத்தனை நன்மை இருந்தும் பல கிளினிக்குகளில் இது இருக்காது. காரணம் எளிது: குறி சற்றுத் தப்பினாலும் படத்தின் ஓரம் வெள்ளையாக வெட்டுப்பட்டுவிடும், மறுபடி எடுக்க வேண்டும். அதற்கும் தீர்வு உண்டு. சென்சாரைப் பிடிக்கும் ஹோல்டரில் ஒரு வளையம் இருக்கும், குழாயை அதனோடு பொருத்தினால் குறி தப்பாது.

இவருக்கு இருந்த உண்மையான இடைஞ்சல் குமட்டல். கடைவாய்க்குள் சென்சாரை வைத்தவுடன் ஓக்காளம் வந்தது. இதை அவசரமாகச் செய்தால் சென்சார் நகரும், வேர் நுனி படத்தில் விழாது. இரண்டாவது படம், சில சமயம் மூன்றாவது. ஒரு முறை மறுபடி எடுத்தால் அளவு அப்படியே இரட்டிப்பாகிறது. டிஜிட்டல் வந்த பிறகு இது கூடியிருக்கிறது என்பது என் எண்ணம். ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும் காலத்தில் மறுபடி எடுப்பது ஒரு பெரிய வேலை. இப்போது இரண்டு நொடியில் திரையில் தெரிகிறது, திருப்தி இல்லையென்றால் இன்னொரு சொடுக்கு. அழுத்துபவருக்கு வலிப்பதில்லை.

நாங்கள் செய்தது: நாற்காலியை நிமிர்த்தினோம். சென்சாரை நாக்கின் மேல் உரசாமல், பல்வரிசையை ஒட்டி நேராக இறக்கினோம். மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்லி, ஒரு காலைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கச் சொன்னோம். கவனம் அங்கே போனால் குமட்டல் தணியும். குழாயை முன்பே சரிசெய்து வைத்துவிட்டு, சென்சார் வாயில் இருக்கும் நேரத்தைக் குறைத்தோம். 65 கிலோவோல்ட், 0.12 நொடி. இரண்டு பல்லின் வேர் நுனிகளும் முதல் படத்திலேயே முழுமையாக விழுந்தன.

சென்சார் நழுவுகிறதே, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அம்மா முன்வந்தார். வேண்டாம் என்று வெளியே அனுப்பினோம். உதவியாளரும் பிடிப்பதில்லை. இந்த விதிக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த இரண்டே மாதத்தில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆட்டோ வால்கோஃப் தன் பற்களையே படம் எடுத்தார், 25 நிமிடம் கதிரின் முன் அசையாமல் இருந்து. நியூ ஆர்லியன்ஸ் நகரின் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் 1896-ல் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் தன் கையைக் கதிரின் முன் வைத்துக் குழாயைச் சரிபார்த்து வந்தார். விரல்களில் புற்றுநோய் வந்தது. ஒவ்வொரு விரலாக, பிறகு கை, பிறகு தோள் வரை வெட்டி எடுத்தும் நிற்கவில்லை. 1928-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எப்போதோ ஒரு படம் எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கும், தினமும் கதிரில் கை வைப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அவர் கதையில் இருக்கிறது. எடுப்பவர் இரண்டு மீட்டராவது தள்ளி, கதிரின் பாதைக்கு விலகி நிற்க வேண்டும். இயலாத குழந்தைக்கோ முதியவருக்கோ யாராவது பிடித்தே ஆக வேண்டும் என்றால், கர்ப்பமில்லாத உறவினர் ஒருவர், ஹோல்டரின் பிடியை, கதிருக்கு வெளியே கை வைத்துப் பிடிக்கலாம். ஊழியர் வேண்டாம், அவருக்கு அடுத்த நோயாளியும் உண்டு.

ஏப்ரன் விவகாரம்

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட பரிந்துரையில், பல் எக்ஸ்ரேக்கு ஈய ஏப்ரனும் தைராய்டுக் காலரும் வழக்கமாகப் போடுவதை நிறுத்தலாம் என்று சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே அங்குள்ள வாய், முகத் தாடைக் கதிரியல் நிபுணர்களின் அமைப்பும் இதே முடிவுக்கு வந்திருந்தது. பிரிட்டனில் 2001 வழிகாட்டுதலிலேயே வயிற்றுக்கான ஏப்ரனை வழக்கமாகப் போட நியாயம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நோயாளிகளுக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது, பாதுகாப்பையே எடுத்துவிட்டார்கள் என்று. காரணம் இயற்பியல். வயிற்றை எட்டும் மிகச் சிறிய அளவில் பெரும்பங்கு, உடலுக்குள்ளேயே சிதறிக் கீழே இறங்குவது. வெளியே போர்த்தியிருக்கும் ஈயம் உள்ளே நடப்பதை எப்படித் தடுக்கும்? ஓபிஜியில் நிலைமை இன்னும் மோசம். கழுத்துக் காலர் கதிரின் பாதையில் குறுக்கிட்டு, முன்பற்களின் மேல் வெள்ளை நிழல் விழ வைக்கும். மறுபடி எடுக்க வேண்டும். பாதுகாக்கப் போட்டதே அளவை இரட்டிப்பாக்கிவிட்டது என்று ஆகும்.

அப்படியென்றால் இவருக்குப் போட்டோமா? போட்டோம், ஒன்று. கீழ்க் கடைவாய்ப்பல் படத்தில் வயிற்று ஏப்ரன் எதையும் மறைக்காது. அவருக்கு மனம் அமைதியானால் அசையாமல் இருப்பார், அதுவே ஒரு லாபம். சில நாடுகளின் விதிகளும் இன்னும் அதைக் கேட்கின்றன. ஆனால் உங்களைக் காப்பது இதுதான் என்று சொல்லவில்லை. செவ்வகச் சட்டத்தைக் கையில் கொடுத்துக் காட்டினோம். அடுத்த முறை எங்கே போனாலும் அதைக் கேட்பார்.

படம் சொன்னது, பிறகு செய்தது

முதல் கடைவாய்ப்பல்லின் வெள்ளி அடைப்புக்கு அடியில் சொத்தை, நரம்பறை வரை. பின்பக்க வேரின் நுனியில் கருமையான வட்டம், 3 மி.மீ. இருக்கும். கேப் போட்ட பல்லின் வேரைச் சுற்றி எலும்பு சீராக இருந்தது. தட்டும்போது அதிலும் வலித்தது பக்கத்து வீட்டுச் சத்தம்தான்.

அன்றே மரத்துப்போகும் ஊசி போட்டு, முதல் பல்லைத் திறந்து, உள்ளே இருந்த செத்த திசுவை எடுத்துச் சுத்தம் செய்தோம். லிக்னோகைனை அட்ரினலினோடு வழக்கமான அளவில் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம். அன்று இரவு தூங்கியதாக மறுநாள் தொலைபேசியில் சொன்னார். ஆன்டிபயாடிக் எழுதவில்லை.

வேர் சிகிச்சையில் பொதுவாக நான்கைந்து படங்கள் ஆகும். வேரின் நீளத்தை அளக்கும் படத்தைத் தவிர்க்க மின்கருவி இருக்கிறது. கால்வாய்க்குள் ஊசி நுனியை எட்டியதும் திரையில் காட்டிவிடும். அதைப் பயன்படுத்தினோம். அடைப்பதற்கு முன் கட்டா பெர்ச்சா (வேர்க் கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) சரியான இடத்தில் நிற்கிறதா என்று ஒரு படம், முடித்ததும் ஒரு படம். முன்கூட்டி எடுத்த படத்தோடு மொத்தம் மூன்று. எங்கள் முறையில் ஏறத்தாழ 6 மைக்ரோசீவர்ட், அதாவது ஒரு நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். கருவிதான் இருக்கிறதே, அந்த இரண்டு படமும் எதற்கு என்று கேட்கலாம். மின்கருவி நீளம் சொல்லும். அடைப்பில் இடைவெளி விழுந்திருக்கிறதா, இன்னொரு கால்வாய் தப்பிவிட்டதா என்று சொல்லாது. அரைகுறையாக அடைத்த பல் ஏழாம் மாதத்தில் வீங்கி வந்தால், மல்லாந்து படுக்க முடியாத நிலையில் அதைச் செய்வது இருவருக்கும் தண்டனை.

சிபிசிடி ஏன் எடுக்கவில்லை என்பதும் குறிப்பேட்டில் இருக்கிறது. முப்பரிமாணப் படம் வேர் நுனிக் கருமையைச் சாதாரணப் படத்தைவிட முன்னதாகக் காட்டும், அது உண்மை. ஆனால் கருவி, படம் பிடிக்கும் பரப்பு, அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்துச் சில பத்து முதல் பல நூறு மைக்ரோசீவர்ட் வரை போகும். 2015-ல் வந்த தொகுப்பாய்வில் பெரியவர்களுக்குச் சிறு பரப்புக்கான சராசரியே 84. பெரிய பரப்புக்கு 212. ஓபிஜி பொதுவாக 14 முதல் 24 வரை. 2 மைக்ரோசீவர்ட்டில் பதில் கிடைத்த பிறகு 84-க்குப் போக எந்தக் கேள்வியும் மிச்சமில்லை. சிறு படத்தில் தெளிவில்லாமல் இருந்திருந்தால், கர்ப்பமாக இருந்தாலும் சிறு பரப்பு சிபிசிடி எடுத்திருப்போம். கருப்பை அப்போதும் கதிரின் பாதையில் வராது.

எடுக்காமல் விட்டவை

வந்ததுதான் வந்தோம், மற்ற பற்களையும் படம் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று அவரே கேட்டார். பயம் தெளிந்ததும் மனம் அந்தப் பக்கம் சாய்வது வழக்கம். ஒரு பல்லில் அடைப்புக்கு அடியிலேயே சொத்தை வந்திருப்பதால் அவர் சொத்தை அபாயம் கூடிய பிரிவில் வருகிறார். இப்படிப்பட்ட பெரியவர்களுக்கு 6 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை பைட்விங் எடுக்கலாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். அபாயம் குறைந்தவர்களுக்கு அதுவே 24 முதல் 36 மாதம். எடுக்க நியாயம் இருந்தது. ஆனாலும் தள்ளி வைத்தோம்.

கதிர்வீச்சுக்குப் பயந்து தள்ளவில்லை. பற்களுக்கு இடையில் இருக்கும் சிறு சொத்தையை இப்போது கண்டுபிடித்தாலும், ஃப்ளோரைடு, பல்லிடுக்குச் சுத்தம் என்று அதற்குச் செய்வதை எப்படியும் செய்யச் சொல்லப்போகிறோம். துளைக்கும் வேலை இருந்தாலும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வேறு பல்லில் வலியோ குழியோ கண்ணில் படவில்லை. பதிலை இப்போது பயன்படுத்தப்போவதில்லை என்றால் கேள்வியை இப்போது கேட்க அவசரமில்லை. இதே பெண்ணுக்கு, இதே கருவியில், வலித்த பல்லுக்குப் படம் எடுக்க ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. இதற்கு ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னோம்.

பிரசவத்துக்குப் பிறகு

குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்து வந்தார். பைட்விங் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. இந்த முறை அவர் கேட்டது தாய்ப்பால் பற்றி: எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது? ஒரு நிமிடம்கூட நிறுத்த வேண்டியதில்லை. எக்ஸ் கதிர் கடந்து போய்விடுவது. உடம்பிலோ பாலிலோ தங்குவதில்லை. கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு எடுக்கும் ஸ்கேன்களுக்குத்தான் அந்த எச்சரிக்கை. இரண்டும் ஒன்றென்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மேல் இடப்பக்க முன்கடைவாய்ப்பற்கள் இரண்டுக்கும் இடையில், எனாமலுக்குள்ளேயே நின்ற ஒரு சிறு சொத்தை தெரிந்தது. துளைக்கவில்லை. ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, அந்த இடத்தில் நூல் போட்டுச் சுத்தம் செய்யக் காட்டிக் கொடுத்தோம். வேர் சிகிச்சை செய்த பல்லில் வலி இல்லை, தட்டினாலும் இல்லை, நன்றாகக் கடிக்கிறார். அந்தப் பல்லுக்கு அன்று படம் எடுக்கவில்லை. எலும்பு நிரம்புவதற்குக் காலம் வேண்டும். ஓராண்டு முடியும்போது எடுத்தால்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். எடுத்த படங்கள் எல்லாவற்றையும், தேதியோடு, கோப்பாக அவருடைய கைபேசிக்கு அனுப்பிவைத்தோம். அடுத்த படம், முதல் கடைவாய்ப்பல்லுக்கு மட்டும், சிகிச்சை முடிந்த ஓராண்டில் என்று குறித்தாயிற்று.